நாடி பிடிபடாத இடது கை

என் கலாக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். இருந்தாலும் கேட்கிறேன், பழக்கதோஷம். நீ போன இந்தப் பதினாறு வருஷத்தில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. வருஷா வருஷம் அத்தான் திதி கொடுப்பார், நான் சமைப்பேன். உனக்குப் பிடித்த சேனை வறுவலை இலையில் வைத்துவிட்டு, உன் படத்தை நிமிர்ந்து பார்க்காமல் அடுக்களைக்குத் திரும்பிவிடுவேன். எனக்கு உன் மேல் அவ்வளவு பாசம், தாங்க முடியவில்லை என்று அத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காரணம் அதில்லை. அது உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மற்றவர்களுக்குத் தெரியாது. நாலு பேர் படிக்கும்படி எழுது என்று சொன்னது உன் மகள்தான், அதனால் இதை மூடிய உறைக்குள் வைக்கவில்லை.

யாழினிக்கு இருபது வயசு ஆகிவிட்டது. அடையாறில் காலேஜ். மேற்கு மாம்பலத்தில் அத்தானோடு இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமையானால் நம் அப்பாவையும் என்னையும் பார்க்க மந்தைவெளிக்கு வந்துவிடுவாள். உன்னைப் போலவே மூக்கால் பேசுகிறாள். போனில் அவள் "ஹலோ" என்றால் இன்னமும் ஒரு நொடி நீதான் என்று நினைத்துவிடுகிறேன்.

நான் இப்போது அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. மெஷின் ஓட்டுகிறேன். "படிப்பை முடிப்பியா, பாதியில ஓடிடுவியா?" என்று கேட்பாயே, முடித்துவிட்டேன்.

போன மாசம் யாழினி காலேஜில் ரத்ததான முகாம். சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

"சித்தி, என் இடது கையில பி.பி. வரலையாம். மெஷின் ரிப்பேர்னு வேற மெஷின் கொண்டாந்தாங்க. அதுலயும் வரல. கடைசில நர்ஸம்மா வலது கையில பார்த்துட்டு, நூத்திப்பத்து, நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க. செம காமெடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இடது கை எப்பவும் ஜில்லுனு இருக்குமா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாமலா இருக்கும்? சின்ன வயசில் கோடைக்காலத்தில் உன் இடது கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கியவள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஹாலில் உட்காரவைத்து இடது மணிக்கட்டைப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. விரலை மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன், அழுத்தினேன், லேசாக விட்டேன். வலது கையைப் பிடித்தால் துள்ளிக்கொண்டு ஓடுகிறது. மறுபடி இடது. இருபது வயசுப் பெண் எதிரே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறாள், அவள் கை மட்டும் எனக்குத் தெரிந்த ஒரு பிணத்தின் கையாக இருந்தது.

"என்ன சித்தி, பேயறைஞ்ச மாதிரி பார்க்குறீங்க?" என்றாள்.

அப்பா ஈஸிசேரில் இருந்தார். பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவருடைய மூக்குக்கண்ணாடி மேஜை மேல் இருந்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்கு நினைவிருக்கும். மயிலாப்பூரில் அப்பாவின் நாட்டு மருந்துக் கடைக்குச் சுக்கு வாங்க வருகிறவர்கள்கூட "அண்ணாச்சி, கொஞ்சம் நாடி பாருங்க" என்று கையை நீட்டுவார்கள். ஆம்பிளைக்கு வலது கை, பொம்பளைக்கு இடது கை. நமக்கு ஜுரம் என்றாலும் அப்படித்தான், நான் இடது கையை நீட்டுவேன், நீ இடது கையை நீட்டுவாய். உன் கையைப் பிடிக்கும்போது மட்டும் அவர் ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு, "பித்தம் தூக்கியிருக்கு" என்பார். உனக்கு எப்போதும் பித்தம்தான். எத்தனை இஞ்சிச்சாறு குடித்தாய்!

அந்த வழக்கம் எனக்குள்ளும் ஊறிப்போய்விட்டது. அது உன்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு ஆடித் தள்ளுபடி நேரம். தி.நகர் ஜவுளிக்கடையில் அத்தானுக்கு மூச்சுவிட நேரமில்லை என்று நீ குழந்தையோடு நம் வீட்டுக்கு வந்திருந்தாய். காலை ஒன்பதரை இருக்கும். மொட்டைமாடியில் ஈரப் போர்வையைக் கொடியில் போட இரண்டு கையையும் தூக்கியிருக்கிறாய். நான் கீழே தலை வாரிக்கொண்டிருந்தேன். தொப்பென்று சத்தம் கேட்டது. அதற்குள் கீழ்வீட்டு ராணியக்கா மேலே ஓடி, அங்கிருந்து கத்தினாள்.

"சுதா! ஓடியாம்மா! கலா வியுந்து கீது!"

தண்ணீர்த் தொட்டிப் படியில் உன் பின்னந்தலை இடித்திருந்தது. ரத்தம்கூட அதிகமில்லை. ராணியக்கா கையை உதறிக்கொண்டு நின்றாள். "இன்னாமா பண்றது? ஆம்புலன்ஸுக்குப் போன் போடவா? ஆட்டோ இட்டாரவா?"

எக்ஸ்ரே டிப்ளமோ இரண்டாம் வருஷம் நான். தெருவுக்கே அரை டாக்டர். உன் பக்கத்தில் மண்டியிட்டு உன் இடது கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. நாடி இல்லை. மூக்கருகே விரலை வைத்தேன், மாடிக் காற்றில் எது காற்று எது மூச்சு என்று தெரியவில்லை. மறுபடி அதே இடது கை.

"இல்லக்கா. போயிடுச்சு. ஆம்புலன்ஸ் வேணாம்" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

தூக்கிவந்து ஹாலில் படுக்கவைத்தோம். ராணியக்கா கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் விளக்கு ஏற்றினாள். அப்பா கடையிலிருந்து ஓடிவந்தார். உன் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சர்டிஃபிகேட்டுக்காகத் தெருக்கோடி டாக்டர் வரும்போது பத்தே முக்கால். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், கழுத்தைத் தொட்டார், கண்ணை விரித்துப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரைக்கு" என்றேன்.

"ஒன்பதரைக்கா?" என்றார். இன்னொரு தடவை உன் கழுத்தைத் தொட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்.

அவருடைய அந்த "ஒன்பதரைக்கா?" பதினாறு வருஷமாக என் காதில் இருக்கிறது. நீ போய் ஒன்றேகால் மணி நேரம் ஆனபிறகும் உன் உடம்பில் அவ்வளவு சூடு எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆடி மாசத்து வெயில் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

யாழினியின் கையைப் பிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சமாதானம் போனது.

எங்கள் சென்டர் டாக்டரம்மாவிடம் சொல்லி அவளை ஸ்கேனுக்கு வரவைத்தேன். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், ஒண்ணுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும், பயப்படாதே என்று எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன். "உங்க மெஷின்ல ஒண்ணுக்குப் போனா நீங்கதான் தொடைக்கணும்" என்றாள். நெஞ்சை நிமிர்த்தி, மோவாயை லேசாகத் தூக்கிக்கொண்டு படுத்தாள். ஹாலில் உன்னைப் படுக்கவைத்தபோது உன் மோவாய் அப்படித்தான் இருந்தது.

எங்கள் மெஷினில் மூச்சுப் பிடிக்கச் சொல்லும் குரல் என்னுடையது. வாங்கிய புதிதில் என்னையே பேசவைத்துப் பதிவு செய்துவிட்டார்கள். "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்." பிடித்தாள். மேசை நகர்ந்தது. "மூச்சை விடலாம்" என்றது என் குரல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவள் நெஞ்சு அசையவில்லை. இரண்டு நொடி, மூன்று நொடி. மைக்கை அமுக்கி, "மூச்சை விடுடி!" என்று கத்திவிட்டேன். உள்ளே அவள் திடுக்கிட்டு இருமினாள். பின்னால் நின்ற டாக்டரம்மா என் தோளைத் தொட்டு, "சுதா, என்னாச்சு உங்களுக்கு?" என்றார்.

படம் வந்தது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய் மேலே ஏறி, ஒரு வளைவு வளைந்து கீழே இறங்கும். அந்த வளைவிலிருந்துதான் தலைக்கும் இரண்டு கைக்கும் கிளை பிரியும். வழக்கமாக வளைவு இடப்பக்கம் இருக்கும். யாழினிக்கு வலப்பக்கம் இருந்தது. தலைக்கான கிளைகள் இருந்தன, வலது கைக்கானது இருந்தது. இடது கைக்கானதைக் காணோம்.

"அடைப்புன்னு எழுதிட்டுப் போயிடலாம், நிறைய பேர் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா அடைப்புன்னா ஆரம்பிக்கிற இடத்துல ஒரு முளையாவது தெரியணும். இங்க ஆரம்பமே இல்ல. பொண்ணை மேசையை விட்டு இறக்காதீங்க. கொஞ்சம் விட்டு இன்னொரு ரவுண்டு எடுங்க."

எடுத்தேன். முதல் படத்தில் வெறும் இருட்டாக இருந்த இடத்தில் இப்போது ஒரு குழாய் வெள்ளையாக நின்றது. இதயத்துப் பக்கம் அது எதோடும் சேரவில்லை. கழுத்தின் பின்புறமாக மூளைக்கு ஏற வேண்டிய ரத்தம் அந்தக் குழாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கி, தாமதமாக வந்து கையை நிரப்பியிருக்கிறது. நம் குழாயில் தண்ணீர் வராமல் பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து நமக்கு வருகிற மாதிரி. பிறகு கழுத்தில் ஜெல் தடவி, ரத்த ஓட்டம் கேட்கிற ஸ்கேனில் பார்த்தார்கள். மெஷினில் புஸ், புஸ் என்று சத்தம் கேட்டது. எல்லா ரத்தமும் மேலே போகிறது, அந்தப் பின்கழுத்துக் குழாயில் மட்டும் கீழே வந்துகொண்டிருந்தது.

பிறவியிலேயே இப்படி, ரொம்ப அபூர்வம் என்றார் டாக்டரம்மா. அந்தக் கையை அதிகமாக வேலை வாங்கினால் அது மூளையின் பங்கையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும். யாழினியிடம் கேட்டார். "பஸ்ல இடது கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா ஒரு மாதிரி கண்ணை இருட்டும் மேடம். பசின்னு நினைச்சேன்" என்றாள்.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இத அப்படியே விட்டுட்டும் இருக்கலாம். இப்படியே வயசாகுற வரைக்கும் இருக்கிறவங்க உண்டு. ஆபரேஷனும் பண்ணலாம், ஆனா கழுத்துல கத்தி வைக்கிற வேலை, சும்மா பண்ணிட மாட்டாங்க. இது சில குடும்பத்துல வழிவழியா வரும். இவங்க அம்மா உங்க அக்காதானே? அவங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது? மயக்கம், திடீர்னு விழுறது? இருந்துச்சுன்னா முடிவே வேற."

அக்கா, நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்ல மேடம்" என்றேன்.

மாடியில் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்குத் தெரியாமல் சொன்னேன். இப்போது தெரிந்தே சொன்னேன். ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, விழுந்தபோது நாடியை யார் பார்த்தது என்று வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து உன் மகளை அப்படியே விட்டுவிடத் தயாராக இருந்தேன். எப்பேர்ப்பட்ட சித்தி பார்த்தாயா?

வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் உட்கார்ந்தேன். "அப்பா, அக்காவுக்கு எடது கையில நாடி கெடைக்குமா?"

அவருக்கு எண்பது வயசாகப் போகிறது. தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"கெடைக்காதும்மா" என்றார். "ஒரு நாளும் கெடைச்சதில்ல. எனக்குத்தான் விரல்ல பதம் பத்தலன்னு நெனைச்சேன். நாலு பேருக்கு நாடி பாக்குறவன், பெத்த பொண்ணுக்குப் பிடிபடலன்னு எப்படிச் சொல்றது? பித்தம்னு சொல்லிட்டேன்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் அதே கையத்தான் பிடிச்சேன். அது என்னிக்குமே பேசாத கை, எனக்குத் தெரியும். வலதப் பிடிச்சிருக்கணும். படிச்ச புள்ள நீ சொல்லிட்ட. அதுக்கப்புறம் பிடிச்சுப் பார்க்க எனக்குப் பயமா இருந்துச்சும்மா. பயமா இருந்துச்சு."

அழவில்லை அவர். எழுந்துபோய் பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தை எடுத்துவந்தார். ஞாபகமிருக்கிறதா? பத்தாவது படிக்கும்போது உனக்கு இருமல் நிற்கவில்லை என்று எடுத்தது. இருமல் போனபிறகு அது கிரகணம் பார்க்கிற படமாகிவிட்டது. நான் எக்ஸ்ரே படித்துக்கொண்டிருந்த காலத்தில்கூட உன் நெஞ்சுக்கூடு வழியாகத்தான் சூரியனைப் பார்த்தேன். சூரியனைப் பார்த்தேனே தவிர, படத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சென்டரில் யாரும் வருமுன் அதை விளக்குப் பலகையில் மாட்டினேன். பெரிய குழாயின் வளைவு வலப்பக்கம் புடைத்திருந்தது. படத்தை மாற்றி மாட்டிவிட்டேனோ என்று திருப்பினேன். இப்போது இதயம் இடம் மாறிவிட்டது. மறுபடி திருப்பினேன். இதயம் சரியாக இருந்தது, வளைவு வலப்பக்கமேதான். உன்னை எரித்துப் பதினாறு வருஷம் கழித்து உனக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்தேன் அக்கா. வெளிச்சத்தில் உன் விலா எலும்புகள் மூச்சை இழுத்துப் பிடித்தபடி இருந்தன.

டாக்டரம்மா வந்ததும் படத்தைக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். "நேத்து ஏன் சொல்லல?" என்றார். அதையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று மனசு அலைந்தது. அவர் சொல்லவில்லை. "தலையில அடி. ஆஸ்பத்திரி போயிருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பொழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு இதய சர்ஜனுக்குப் போன் போட்டார். தாய் கையைத் தூக்கியதில் தலைசுற்றி விழுந்திருக்கலாம் என்றால் இதை விடக்கூடாது, அந்தக் குழாயைக் கழுத்துக் குழாயோடு சேர்த்துத் தைத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

யாழினியிடம் சொல்ல வேண்டியது பாக்கி. அவள் கோட்டூர்புரம் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே கூப்பிட்டு, மரத்தடியில் உட்காரவைத்துச் சொன்னேன். முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா எவ்ளோ நேரம் இருந்தாங்க?"

"தெரியாதும்மா. இல்லாமலும் இருந்திருக்கலாம். இருந்திருந்தா, ஒண்ணேகால் மணி நேரம் வரைக்கும்."

பையைத் திறந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்தாள். இடது மணிக்கட்டில், நாடி பார்க்கிற இடத்தில், அழுத்தி அழுத்தி எழுதினாள்: "வலது கையைப் பார்." எழுந்து போய்விட்டாள். ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. தினமும் குளித்துவிட்டு வந்து அதையே திரும்ப எழுதிக்கொள்கிறாளாம், அத்தான் பயந்துபோய்ப் போன் பண்ணினார்.

பத்தாம் நாள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மாவுக்கு எழுதுங்க சித்தி. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க. எங்கிட்ட சொன்ன மாதிரி இல்ல, முழுசா."

"முழுசாத்தானே சொன்னேன்?"

அவள் மூக்கால் பேசுகிற அந்தக் குரலில், நீ பொய்யைப் பிடித்தால் எப்படிச் சொல்வாயோ அப்படியே சொன்னாள்: "இல்ல."

அவளுக்கு எப்படித் தெரிந்தது? அப்போது அவளுக்கு நாலு வயசு, கீழ்வீட்டில் ராணியக்கா பெண்ணோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் ஹாலில் நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம். நீ சொன்னாயா?

நாளைக் காலை ஏழு மணிக்கு அவளை ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துப்போகிறார்கள். மயக்கம் தெளிந்து எழுந்ததும் இதைப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆகையால் முழுசாக எழுதுகிறேன்.

உன்னை ஹாலில் படுக்கவைத்த பிறகு, ராணியக்கா விளக்குக்கு எண்ணெய் எடுக்கக் கீழே போயிருந்தாள். அப்பா இன்னும் வரவில்லை. உன் கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தாள் ராணியக்கா. இடது கையை எடுத்து வைத்தேன். வலது கையை எடுத்தேன். அது சூடாக இருந்தது. உன் விரல்கள் மடங்கி என் ஆள்காட்டி விரலைப் பிடித்தன. லேசாக அல்ல. பிடித்தன. இறந்த உடம்பில் தசை இறுகும் என்று புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அது அத்தனை சீக்கிரம் நடக்காது என்றும் அதே புத்தகத்தில்தான் இருந்தது. போயிடுச்சு என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நான் உன் விரல்களை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, என் விரலை உருவிக்கொண்டேன். பிறகு உன் கையை நெஞ்சின் மேல் வைத்து, சேலையை இழுத்து மூடினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை அக்கா. ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். நாளைக்கு அவள் கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன். இதைப் படித்த பிறகும் அவள் கையை நீட்டினால் பிடித்துக்கொள்வேன், அவளாக விடும்வரை விட மாட்டேன். நீட்டாவிட்டாலும் அங்கேதான் இருப்பேன்.

உன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்ட உன் தங்கச்சி,
சுதா